இனிஷியலை நம்பி டிக்கெட் போடாதீர்கள்

கும்பகோணத்தில் டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது டிக்கெட் விலை. நான் முதலில் கேட்பது பாஸ்போர்ட். "பேரைச் சொல்றேன், போட்டுடுங்க தம்பி" என்றால் கம்ப்யூட்டரில் கை வைக்க மாட்டேன்.

பட்டுத் தெரிந்துகொண்டதுதான். தொழிலுக்கு வந்த புதிதில், மன்னார்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் மகளின் பேறுகாலத்துக்காகச் சிங்கப்பூர் கிளம்பினார். விசாவை மருமகனே அங்கிருந்து எடுத்துவிட்டார். டிக்கெட் மட்டும் என் வேலை. மகன் போனில் பெயர் சொன்னார். ஆதாரில் இருக்கிறபடி, கணவர் பெயரோடு. பாஸ்போர்ட்டிலோ அந்த அம்மாவின் அப்பா பெயர். திருச்சி கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். பிரசவ லேகியமும் முறுக்கும் கட்டிய பெட்டியோடு அந்த அம்மா வீடு திரும்பினார். புது டிக்கெட்டில் பாதிப் பணம் என்னுடையது. கேட்காமல் விட்டது நான்தானே.

நம் ஊரில் இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டுக்குப் போதாது, அதை விரித்து எழுதியாக வேண்டும். கல்யாணமானதும் பெண்களின் இனிஷியல் ரேஷன் கார்டில் மாறும், பாஸ்போர்ட்டில் தானாக மாறாது. சிலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டமே காலியாக இருக்கும். அப்போது டிக்கெட்டில் ஒரு விமான நிறுவனம் அதே பெயரை இரண்டு முறை அடிக்கச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும். எங்களுக்கே தலை சுற்றும்.

துபாய், ஷார்ஜா போகிறவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் நுழைய முடியாது என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுவேன். சர்நேம் சேர்க்கப் பாஸ்போர்ட்டைப் புதிதாக எடுக்க வேண்டும். அறுவடைப் பணம் வந்த கையோடு டிக்கெட் வாங்க ஓடி வருகிறவர்கள், இதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

ஓர் எழுத்துப் பிழை என்றால் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் திருத்தித் தருவார்கள். ஆளின் பெயரையே மாற்றித் தர மாட்டார்கள்.

அதனால் வாட்ஸ்அப்பில் பெயரை டைப் செய்து அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அப்படியே காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் எதுவானாலும் இறங்குகிற நாளிலிருந்து 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.