பம்ப் ஓடுகிறது; பேரிங்குக்கு கிரீஸ் போய்ச் சேர்கிறதா?

தானியங்கி கிரீஸ் அமைப்பு பொருத்தப்பட்ட இயந்திரத்தில் பேரிங் வறண்டு பழுதாகும்போது, பராமரிப்புப் பிரிவில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: பம்ப் நேரப்படி ஓடியிருக்கிறது, அலாரம் எதுவும் வரவில்லை. இந்தப் பதில் பொய்யல்ல என்பதுதான் சிக்கல். பேனலில் எரியும் பச்சை விளக்கு, மோட்டார் சுழன்றதையோ, குழாயில் அழுத்தம் ஏறியதையோ, கிரீஸைப் பல பேரிங்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் பிஸ்டன் நகர்ந்ததையோ மட்டுமே சொல்கிறது. அதற்கு அப்பால் பல மீட்டர் ஹோஸையும் இணைப்புகளையும் கடந்து பேரிங்குக்குள் கிரீஸ் நுழைந்ததா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. ஆகவே எந்த இயந்திரத்தைப் பார்க்கப் போனாலும், அதன் கண்காணிப்பு எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்று முதலில் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பரவலாகப் பயன்படும் புரோகிரசிவ் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு பிஸ்டன் தன் நகர்வை முடித்த பிறகே அடுத்த பிஸ்டனுக்கு வழி திறக்கும். எனவே பேரிங்குகளுக்கு கிரீஸ் வெளியேறும் வாய்கள் பன்னிரண்டு இருந்தால், அவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் பிளாக் முழுவதும் நின்றுபோகும். அழுத்தம் உயர்ந்து, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வ் வழியாக கிரீஸ் பிதுங்கும். பிஸ்டன் நகர்வை எண்ணும் பிராக்சிமிட்டி சென்சாரின் துடிப்பு நின்று அலாரம் வரும். ஒரே சென்சார் பன்னிரண்டு இடங்களின் அடைப்பையும் காட்டிக்கொடுப்பது உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. (பயன்படாத வாயைக் கையில் கிடைத்த பிளக்கால் அடைப்பவர்கள் இந்தத் தத்துவத்தை மறந்துவிடுகிறார்கள், அந்த வாயின் அளவைத் தயாரிப்பாளர் சொன்ன முறையில் வேறு வாயுடன் இணைக்காவிட்டால் பிளாக் இயங்காது.)

ஆனால் அடைப்பை இவ்வளவு கூர்மையாகப் பிடிக்கும் அதே சென்சாருக்கு உடைப்பு தெரியாது. பிளாக்குக்கும் பேரிங்குக்கும் இடையில் ஹோஸ் அறுந்தால் பிஸ்டனுக்கு எதிர்ப்பு குறையும். அது முன்பைவிட எளிதாக நகர்ந்து, தன் எண்ணிக்கையை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கிரீஸ் தரையில் விழும், பேனல் எல்லாம் நலம் என்று சொல்லும். அதிரும் இயந்திரங்களிலும், நகரும் பாகங்களோடு ஹோஸ் உரசும் இடங்களிலும், மூடிக்குள் மறைந்த இணைப்புகளிலும் இந்தப் பழுதைத்தான் அடிக்கடி காண்கிறோம்.

அறுந்த ஹோஸை மாற்றிய பிறகு வரும் ஆபத்து இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. உள்விட்டம் 4 மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர் கொண்ட ஒரு குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 126 சி.சி. அந்த வாய்க்கு ஒரு சுழற்சியில் (பிளாக்கின் எல்லா பிஸ்டன்களும் ஒருமுறை நகர்ந்து முடிவதில்) 0.2 சி.சி. கிரீஸ் கிடைக்கிறது, மணிக்கு 4 சுழற்சிகள் நடக்கின்றன என்றால், காலியாகப் பொருத்திய குழாய் நிறைவதற்கே சுமார் 630 சுழற்சிகள், அதாவது ஆறரை நாட்கள் ஆகும். அந்த ஆறரை நாட்களும் பேரிங்குக்கு ஒரு துளி போகாது. பம்ப், பிளாக், சென்சார் மூன்றும் குறையின்றி வேலை செய்துகொண்டிருக்கும். வேலை முடிந்தது என்று கையெழுத்திட்டவரும் தவறாக எதையும் எழுதியிருக்கமாட்டார். மாற்றும் ஹோஸை முன்கூட்டியே அதே கிரீஸால் நிரப்பி, மறுமுனையில் காற்றுக் குமிழி இல்லாமல் கிரீஸ் வருவதைக் கண்ணால் பார்த்த பின்பே பேரிங்குடன் இணைக்க வேண்டும். ஹோஸ் மாற்றும் வேலைக்கான படிவத்தில் இதற்குத் தனியாக ஒரு வரி இல்லையென்றால், அந்தப் படிவத்தை இன்றே திருத்துவது நல்லது.

இரட்டைக் குழாய் அமைப்பிலும், இன்ஜெக்டர்கள் கொண்ட ஒற்றைக் குழாய் அமைப்பிலும் நிலைமை தலைகீழ். அங்கே ஓர் அளவி (ஒரு பேரிங்குக்கு உரிய கிரீஸை அளந்து தள்ளும் உறுப்பு; இன்ஜெக்டரும் அதுவே) சிக்கிக்கொண்டால் மற்றவை நிற்பதில்லை. உற்பத்திக்கு இது வசதிதான்; ஆனால் குழாயின் கடைசியில் இருக்கும் பிரஷர் சுவிட்ச் அழுத்தம் வந்துசேர்ந்ததை மட்டுமே உறுதி செய்கிறது, எந்த அளவி கிரீஸைத் தள்ளவில்லை என்று அதனால் சொல்ல முடியாது. ஒவ்வோர் அளவியிலும் உள்ள காட்டி ஊசி நகர்கிறதா என்று ஒருவர் நடந்துபோய்ப் பார்க்கத்தான் வேண்டும். இன்ஜெக்டர் அமைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு: ஒவ்வொரு சுழற்சிக்குப் பிறகும் குழாயின் அழுத்தம் போதுமான அளவு இறங்கினால்தான் இன்ஜெக்டர் மீண்டும் நிரம்பும். குளிரில் கெட்டியான கிரீஸ் அழுத்தத்தை விரைவில் இறங்க விடாது. இன்ஜெக்டர் நிரம்பாமலே அடுத்த சுழற்சி தொடங்கும், அழுத்தமும் சட்டென்று ஏறிவிடும். ஆகவே வழக்கத்தைவிட விரைவாக முடிகிற சுழற்சியையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சுழற்சி நேரம் என்பது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.யில் ஏற்கெனவே கிடைக்கும், ஆனால் பெரும்பாலோர் பதிவு செய்யாத தகவல். மேற்சொன்ன பன்னிரண்டு வாய் பிளாக்குக்கு ஒரு சுழற்சிக்கு 2.4 சி.சி. வேண்டும், பம்ப் நிமிடத்துக்கு 4 சி.சி. தந்தால் 36 வினாடிகளில் சுழற்சி முடியும். இந்த நேரம் சில வாரங்களில் 50 வினாடிகளாக நீண்டால், பம்ப்பின் உறுப்பு தேய்ந்திருக்கலாம், டேங்கில் காற்றுப் பை உருவாகியிருக்கலாம், பிளாக்குக்கு முந்தைய குழாயில் கசிவு இருக்கலாம், அல்லது கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கலாம். அலாரத்துக்கான எல்லையை 3 நிமிடம் என்று வைத்திருந்தால் இவற்றில் எதுவும் கண்ணில் படாது. அழுத்தத்தின் உச்ச அளவையும் இதோடு சேர்த்துப் பதிவு செய்தால், கெட்டிப்படுதலையும் கசிவையும் பிரித்தறிவது எளிது: முன்னதில் அழுத்தம் உயரும், பின்னதில் உயராது.

செலவில்லாத இன்னொரு சோதனை, டேங்கின் கணக்கு. பன்னிரண்டு வாய், 0.2 சி.சி., மணிக்கு 4 சுழற்சி என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 230 சி.சி. குறைய வேண்டும். மட்டம் இதைவிடக் குறைவாக இறங்கினால் பம்ப் சரியாகத் தள்ளவில்லை. அதிகமாக இறங்கினால் பிளாக்குக்கு முன்பே எங்கோ ஒழுகுகிறது. பிளாக்குக்குப் பின்னால் உள்ள உடைப்பை மட்டும் இந்தக் கணக்கு காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேங்கில் மார்க்கரால் தேதியோடு கோடு போடும் பழக்கம் பழமையானதாகத் தோன்றலாம். என் அனுபவத்தில் அது பல சென்சார்களைவிடச் சீக்கிரம் பேசியிருக்கிறது.

கிரீஸின் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: கெட்டித்தன்மையைக் குறிக்கும் என்.எல்.ஜி.ஐ. அளவுகோலில் 2 தரத்தின் ஊடுருவல் அளவு (சோதனைக் கூம்பு கிரீஸில் இறங்கும் ஆழம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அலகில்; எண் கூடினால் கிரீஸ் இளகல்) 25 டிகிரி செல்சியஸில் 265 முதல் 295 வரை, 1 தரத்துக்கு 310 முதல் 340 வரை. நீண்ட குழாய், குளிர்ந்த சூழல் என்றால் 2 தரம் பேரிங்குக்குப் பொருந்தினாலும் குழாயில் நகரத் தயங்கும். அழுத்தத்தில் நெடுநேரம் நிற்கும் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து, கெட்டியாக்கும் பொருள் மட்டும் குறுகிய வாய்களில் தங்கி அடைப்பதும் உண்டு. லித்தியமும் பாலியூரியாவும் போல ஒத்துப்போகாத வகைகள் கலந்தாலும் இதே கதிதான். திறந்த டிரம்மிலிருந்து கரண்டியால் அள்ளி டேங்கை நிரப்பும் வழக்கத்தைப் பற்றி எழுதவே தேவையில்லை என்று நினைக்கிறேன். அது இன்னும் நடக்கிறது.

கிரீஸ் சேர்ந்ததை நேரடியாக உறுதி செய்ய, பேரிங்கின் நுழைவாயிலிலேயே பொருத்தும் சிறிய ஓட்டச் சென்சார்கள் உள்ளன. அதைக் கடந்து கிரீஸ் போனால் மட்டுமே துடிப்பு வரும் என்பதால் அடைப்பு, உடைப்பு, காலிக் குழாய் மூன்றும் தெரிந்துவிடும். எல்லா இடங்களிலும் பொருத்துவது கட்டுப்படியாகாது. நின்றால் உற்பத்தியே நிற்கும் பேரிங், ஆள் எளிதில் போக முடியாத இடம், அடிக்கடி ஹோஸ் அறுபடும் பாதை ஆகியவற்றுக்கு முதலில் வைத்தால் போதும். மற்ற இடங்களுக்கு வெப்பநிலை, அதிர்வு அளவீடுகளும், சீலின் ஓரத்தில் புதிய கிரீஸ் தெரிகிறதா என்ற பார்வையும் துணை நிற்கும். ஆனால் வெப்பமும் அதிர்வும் கூடுவதற்குள் பேரிங்கில் சேதம் தொடங்கியிருக்கக்கூடும்.

அலாரம் வந்த பின் நடப்பவற்றில்தான் இவ்வளவு ஏற்பாடும் வீணாவதை அதிகம் காண்கிறேன். இரவுப் பணியில் அலாரம் தொந்தரவு செய்கிறது என்று சென்சாரின் முனைகளில் ஜம்பர் (சென்சாரைச் செயலிழக்கச் செய்யும் இணைப்புக் கம்பி) போடப்படுகிறது, அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. இல்லையென்றால் கிரீஸ் அதிகமாகப் போகும்படி டைமரை மாற்றிவிடுகிறார்கள். அறுந்த ஹோஸுக்கு அதனால் பயனில்லை, நல்ல நிலையில் உள்ள மற்ற பதினொரு பேரிங்குகளோ தேவைக்கு மேல் கிரீஸ் பெற்று, அதைக் கடைந்து சூடாகி, சீலைத் தள்ளிவிடுகின்றன. அலாரம் வந்த பிறகு இயந்திரத்தை எவ்வளவு நேரம் ஓட்டலாம், அதுவரை கையால் கிரீஸ் இடுபவர் யார், ஜம்பர் போட அனுமதிப்பவர் யார், அதை எப்போது எடுக்க வேண்டும் என்ற நான்கையும் எழுதிப் பேனலின் கதவிலேயே ஒட்டிவைக்கலாம்.