கானாடுகாத்தான் ரேஸ் காரும் பஞ்சு மாதிரி ஒரு பிரேக்கும்

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன், வருவதில் பாதி பழைய வண்டிகள். போன மாசம் கானாடுகாத்தானிலிருந்து வேலையில் ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, ரேஸ் கார் ஒண்ணு கட்டியிருக்கேன், வந்து பாரு."

போனால், வீட்டின் இரண்டாம் முற்றத்தில் ஆச்சி வடகம் காயப்போடும் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஃபியட் 1100-க்குத் தனியாக சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் அதன் எலும்பு. அதனால் இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, இன்ஜின், ஆக்ஸில், பிரேக் எல்லாம் ஃபியட்டிலிருந்து எடுத்துப் பூட்டி, மேலே தகரத்தில் சுருட்டு மாதிரி பாடி. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் பார்த்த ஆசையாம். வெல்டிங் சுத்தம், 1089 சிசி இன்ஜின் தாளம் தப்பாமல் ஓடுகிறது.

பிரேக்கை மிதித்தேன், பஞ்சு மாதிரி இறங்கியது. எப்போது மாற்றினீர்கள் என்றேன். "எல்லாம் ஒரிஜினல் தம்பி" என்றார், பெருமையாக!

இங்கேதான் பயம். அந்தக்கால வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன், ஒரு ஹோஸ் (ரப்பர் குழாய்) வெடித்தால் நாலும் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியது 140 பக்கத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும், ஆவி அமுங்குமே தவிர, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூவைத் தள்ளாது. டிரம்மும் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு, இவரோ இன்ஜின் சக்தியை மட்டும் கூட்டியிருக்கிறார், பிரேக்கைத் தொடவில்லை.

அப்புறம் டிரம் தூசியைக் கம்ப்ரஸரில் ஊதித் தள்ளியிருக்கிறார், பேரன் பக்கத்தில். ஷூ மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பெட்ரோல் டேங்க்கை "காலிதானே" என்று வெல்டு வைக்க எடுத்து வைத்திருந்தார், அதை நான் கையோடு பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். காலி டேங்க்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

விடியற்காலையில் திருமயம் ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றார். கூடவே கூடாது அண்ணே என்றேன். இப்படி மாற்றிக் கட்டியதை அனுமதியில்லாமல் ரோட்டில் இறக்கினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இடிக்கும். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவும் உதவாது, அது 50 வருஷம் தாண்டி அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு.

இப்போது கார் கட்டை மேல் நிற்கிறது. ஒரு லைன் போனாலும் இன்னொன்று பிடிக்கிற மாதிரி, ஆயிலைத் தள்ளும் இரண்டு லைன் மாஸ்டர் சிலிண்டர் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆச்சி வடகத்தை மாடிக்கு மாற்றிவிட்டார்.