பூமராங்கில் புள்ளி வைப்பதை இத்தோடு நிறுத்துவோம்

ஜூலையில் நெய்டாக் வாரம் வரும். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் வாரம். அதற்குச் சில நாள் முன்பிருந்தே என் வாட்ஸாப்புக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். அட்டையில் வெட்டிய பூமராங், அதன்மேல் பஞ்சுக்குச்சியால் வைத்த சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் புள்ளிகள், கீழே “எங்கள் அபோரிஜினல் ஓவியம்” என்று அச்சடித்த ஒரு சீட்டு. “எப்படி இருக்கு அக்கா?” என்று கேட்டிருப்பார்கள். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் சைல்ட்கேரில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் எனக்குப் பழக்கம். சிலர் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள். இந்த வருடம் வந்த படத்தில் சுவர் முழுக்க ஒரே அச்சில் பூமராங். போதாக்குறைக்கு மூன்று வயதுப் பிள்ளைகளின் நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளைப் புள்ளி வைத்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள். இனியும் தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அனுப்பிய பெண் நல்ல மனதோடுதான் செய்திருக்கிறாள், தெரியும். “வெள்ளிக்கிழமைக்குள் டிஸ்ப்ளே ரெடியாக வேண்டும்” என்று மேலே இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள், அவளும் இணையத்தில் தேடியிருப்பாள், முதலில் வந்தது புள்ளி. ஆனால் நல்ல மனது மட்டும் போதாது. இது நம் தொழில்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இந்தப் புள்ளி விவகாரம்தான். பூர்வகுடி ஓவியம் என்றாலே புள்ளி என்று எப்படியோ எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. கான்வாஸில் புள்ளி வைத்து வரையும் பாணி நடுப் பாலைவனத்துக்காரர்களுடையது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டரில் பப்புன்யா என்ற குடியிருப்பு இருக்கிறது. 1971-ல் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி பார்டன் ஊக்கம் கொடுக்க, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். அப்புறம் பலகையிலும் கான்வாஸிலும் வரையத் தொடங்கி, 1972-ல் பப்புன்யா டூலா என்று தங்களுக்கே சொந்தமான ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். அதுவரை அந்த வடிவங்கள் மணலிலும் உடம்பிலும் சடங்குக்காக வரையப்பட்டவை. சடங்குக்குரிய விஷயங்கள் வெளியார் கண்ணில் படுகின்றன என்று மற்ற சமூகங்கள் ஆட்சேபித்தபோது, ஓவியர்கள் சிலவற்றை வரையாமல் விட்டார்கள், சிலவற்றைப் புள்ளிகளால் மூடி மறைத்தார்கள். ‘ஈஸி கிராஃப்ட்’ என்று நாம் பிள்ளைகள் கையில் கொடுக்கும் புள்ளிக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

நாட்டின் வடகோடியில் இருக்கும் மேற்கு ஆர்னம் லாண்டில் இந்தப் புள்ளிப் பாணி கிடையாது. அங்கே மரப்பட்டையில் மெல்லிய குறுக்குக்கோடுகள், ரார்க் என்பார்கள். எந்தக் குலம் எந்த வகையில் கோடு போடலாம் என்பதற்கு முறை உண்டு. வடமேற்கில், கிம்பர்லிப் பாறைகளில் வாயில்லாத முகத்தோடு இருக்கும் வாஞ்சினா என்ற மழை ஆவியை வொரோரா, ஙாரின்யின், வுனம்பல் மக்களைத் தவிர வேறு யாரும் வரையக் கூடாது, மற்ற பூர்வகுடியினர் உட்பட. ஆல்பர்ட் நமட்ஜிரா (1902–1959) மேற்கு அரெர்ண்டா இனத்தவர். அவர் வாட்டர்கலரில் வரைந்த தன் ஊர் மலைகளையும் வெள்ளைத்தண்டு மரங்களையும் காட்டி “இது அபோரிஜினல் ஓவியம்” என்றால் நம் எஜுகேட்டர்களில் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். தென்கிழக்கில் போஸம் என்ற மரத்தில் வாழும் சிறு விலங்கின் தோலால் செய்த போர்வைகளின் உட்புறத்தில் கோடுகளாகக் கீறினார்கள். இதோ, நாம் சம்பளம் வாங்கும் சிட்னியிலேயே, குரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவின் மணற்பாறையில் மீனும் கங்காருவும் கோட்டுருவமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். அதை விட்டுவிட்டு 2000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களின் பாணியை அட்டையில் ஒற்றி, “இந்த மண்ணின் ஓவியம்” என்று எழுதி ஒட்டுகிறோம்.

“நம்ம புள்ளிக்கோலம் மாதிரிதானே அக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். இல்லையம்மா. பக்கத்து வீட்டு வாசலில் பார்த்த கோலத்தை நோட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் நம் வாசலில் போடலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பாலைவன ஓவியர் வரைவது, அப்பா வழியிலோ அம்மா வழியிலோ தன் பொறுப்பில் வந்து சேர்ந்த ஓர் இடத்தின் கதையை. அடுத்த ஊர்க்காரரின் கதையை அவரேகூட அனுமதியில்லாமல் தொட மாட்டார்.

1994-ல் ஒரு வழக்கு நடந்தது. பூர்வகுடி ஓவியர்கள் சிலரின் படைப்புகளை வியட்நாமில் கம்பளமாக நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றார்கள். அந்தப் படங்களில் பல, தேசிய ஓவியக்கூடம் வெளியிட்ட தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. புனிதமான வடிவத்தை மக்கள் செருப்போடு மிதித்து நடந்தார்கள். ஃபெடரல் நீதிமன்றம் 188,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் நான் பயிற்சிக்கு வருபவர்களுக்கு எடுத்துச் சொல்வது இதைத்தான்: தன் அனுமதி இல்லாமல் படம் திருடப்பட்டாலும், தன் சமூகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஓவியர்தான். வடிவத்தைக் காக்கத் தவறியவர் என்ற பழி அவர்மேல் விழும். “சின்னப் பிள்ளைங்கதானே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கதைக்கும் இதே நியாயம்தான். நமக்குக் கதையை நீட்டி, முறுக்கி, முடிவை மாற்றிச் சொல்லிப் பழக்கம். பாட்டி வடை சுட்ட கதையில் காக்கா ஏமாறலாம், வடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பாடவும் செய்யலாம். பூர்வகுடிக் கதைகளை அப்படித் தொடக் கூடாது. எங்கே தண்ணீர் இருக்கிறது, எந்த இடத்துக்குப் போகக் கூடாது, யார் யாருக்கு உறவு என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. அவர்களுக்கு அது சட்டம். அதனால் சமூகத்தின் ஒப்புதலோடு வெளிவந்த கதையை மட்டும் வாசியுங்கள். வாசிக்கும் முன் எழுதியவர் யார், எந்த மக்கள், எந்த ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் இருக்கும் மகபாலா புக்ஸ் பூர்வகுடி மக்களே நடத்தும் பதிப்பகம், அங்கிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல புத்தகங்கள் வருகின்றன. பூர்வகுடிக் கதைகளில் நிலத்தையும் நீரையும் உருவாக்கிய வானவில் பாம்பைக் காகித உறையில் செய்து, குரலை மாற்றி நீங்களே ஒரு கதை கட்ட வேண்டாம். அந்தப் பாம்பும் ஒன்றல்ல. மேற்கு ஆர்னம் லாண்டில் ஙால்யொட், பெர்த் பக்கத்து நூங்கார் மக்களுக்கு வாகல், ஒவ்வொன்றுக்கும் அதனதன் நீர்நிலை.

“அப்போ நாங்க ஒண்ணுமே செய்யக் கூடாதா?” என்று முகம் வாடிக் கேட்கிறார்கள். செய்யத்தான் வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கல்விக்காக 2022-ல் திருத்திய தேசியக் கற்றல் கட்டமைப்பில் பூர்வகுடி, டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் பார்வைகள் தனி நெறியாகவே வந்துவிட்டன. பயந்து ஒதுங்குவதும் தப்புதான்.

காலடியிலிருந்து தொடங்குங்கள். பரமட்டா பக்கம் வேலை பார்ப்பவர்கள் இருப்பது தாருக் மக்களின் மண்ணில். அங்கே வாழ்ந்த பரமட்டகல் குலத்தாருக்கு ஆற்றின் விலாங்கு மீன் முக்கியம். அந்த விலாங்கு கடலில் இறங்கி, வடக்கே பவளக் கடல் வரை நீந்திப்போய் முட்டையிட்டுச் சாகிறது. குஞ்சுகள் மறுபடி ஆற்றைத் தேடி வருகின்றன. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள். வாட்டில் என்ற மஞ்சள் பூ மரம் பூக்கும்போது பாருங்கள், பட்டை உரியும் மரத்தைத் தொட்டுப் பாருங்கள்.

நான் போயிருந்த ஒரு சென்டரில், தாருக் மூத்தவர் ஒருவர், எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம், லொமாண்ட்ரா புல்லோடு வந்தார். முதலில் பேசவே இல்லை. நீளமான இலையை நகத்தால் இரண்டாகக் கிழித்தார், தண்ணீரில் நனைத்தார், தொடைமேல் வைத்துத் திரித்தார். ஒரு பையன் “ஏன் நனைக்கிறீங்க?” என்று கேட்டான். காய்ந்த இலை ஒன்றை அவனிடம் கொடுத்து மடக்கச் சொன்னார். பட்டென்று உடைந்தது. அதன் பிறகுதான் அந்தப் புல் எங்கே வளர்கிறது, அதன் விதையை எப்படி மாவாக்கினார்கள், தனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பேச ஆரம்பித்தார். காலை முழுக்கப் பிள்ளைகள் செய்தது ஒரு சாண் கயிறு. சுவரில் ஒட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. தர மதிப்பீட்டுக்கு வந்த அதிகாரியிடம் பின்னால் அந்தப் பிள்ளைகளே விளக்கியதைக் கேட்டேன், எந்த டிஸ்ப்ளேயும் அதற்கு ஈடாகாது.

ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள், தாராளமாக. ஓவியரின் பெயர், மக்கள், ஊர் மூன்றும் இல்லாத படத்தைச் சுவரில் மாட்டாதீர்கள். பார்த்த பிறகு “இதே மாதிரி வரை” என்று சொல்லாதீர்கள். பிள்ளை தன் வீட்டை, தன் தெருவை, தன் கதையைத் தன் கோட்டில் வரையட்டும். இணையத்தில் இறக்கிய குறியீட்டுத் தாளை வைத்து அரைவட்டம் என்றால் ஆள், வளையம் என்றால் தண்ணீர் என்று பாடம் நடத்தாதீர்கள். முகத்தில் புள்ளி கூடவே கூடாது. டிஜெரிடூ வடக்குப் பக்கத்து வாத்தியம், குழாய் அட்டையில் செய்து ஊதவிட வேண்டாம். காலையில் சொல்லும் மண்ணுக்கான மரியாதை உரையை நாம் சொல்லலாம், வரவேற்பு உரையை அந்த மண்ணின் மக்கள் மட்டுமே சொல்லலாம். இரண்டையும் குழப்பாதீர்கள். சொல்வதையும் ரைம்ஸ் மாதிரி ஒப்பிக்காமல், இன்று எந்த மரத்தடியில் விளையாடினோம் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். மறைந்தவர்களின் படத்தைக் காட்டும் முன் குடும்பத்தாரிடம் கேளுங்கள்.

உங்கள் ரூமில் பூர்வகுடிப் பிள்ளை ஒன்று இருந்தால், “பார்த்தா அப்படித் தெரியலையே” என்று தயவுசெய்து வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அதன் அம்மாவை இலவச நிபுணராக்கிக் கூட்டம் கூட்டமாகக் கேள்வி கேட்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் பாட்டியை, ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் அரசு தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். 2008 பிப்ரவரி 13 அன்றுதான் நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். பிள்ளையை ஒரு நிறுவனத்தின் வாசலில் விட்டுப் போக அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டியிருக்கும்!

மூத்தவர்களை அழைப்பதென்றால் பிப்ரவரியிலேயே பேசத் தொடங்குங்கள். நெய்டாக் வாரத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பூர்வகுடிக் கொடியை வாங்க மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, வருகிறவருக்குத் தேநீரும் நன்றி அட்டையும் கொடுத்து அனுப்பும் வழக்கம் இனி வேண்டாம். அவர் கட்டணம் என்ன என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள், பட்ஜெட்டில் தனி வரியாகப் போடச் சொல்லி டைரக்டரிடம் எழுத்தில் கொடுங்கள்.