தேய்மானம்: கட்டட வாடகைத் தொழிலில் ஓடும் வண்டிக்கு அதன் பொருள் என்ன?

ஆடிட்டர்கள் பேச்சில் 'டிப்ரிசியேஷன்' என்று வருவதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் தேய்மானம். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிக் கணக்கியல் பாடநூலும் இதையே எழுதுகிறது. இலங்கைத் தமிழர் 'பெறுமானத் தேய்வு' என்பார்கள். இரண்டுக்கும் வேர் 'தேய்' என்னும் வினைதான்.

தேய்தல் என்றால் உராய்ந்தோ பயன்பட்டோ சிறிது சிறிதாகக் குறைதல். கத்தி தேயும், செருப்பு தேயும், டயர் தேயும், நிலவும் தேயும். கண்ணால் காணமுடியாத செல்வமும் தேயும் என்பது பழைய வழக்கு: 'செல்வத்தைத் தேய்க்கும் படை' என்கிறது 555ஆம் குறள். இந்த வினையோடு 'மானம்' என்ற ஈறு சேர்ந்து பெயர்ச்சொல்லாகிறது. வருமானம், கட்டுமானம், பிடிமானம், செரிமானம் எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. எழுதும்போது றன்னகரம்தான், 'தேய்மாணம்' என்பது பிழை. நகைத் தொழிலில் பழைய நகையின் எடைக் குறைவைத் தேய்மானம் என்பார்கள். நகை செய்யும்போது வீணாகும் பொன் சேதாரம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. லத்தீனில் 'ப்ரெட்டியம்' என்றால் விலை. 'டே' என்பது இறக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு. ஆக அது விலை இறங்குவதைச் சொல்கிறது. அதனால்தான் டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தாலும் ஆங்கிலத்தில் அதே சொல்லைப் போடுகிறார்கள். தமிழில் அங்கே தேய்மானம் பொருந்தாது, 'மதிப்புச் சரிவு' என்றே எழுத வேண்டும். 1966 ஜூன் 6 அன்று நடந்ததுபோல அரசே நாணயத்தின் மதிப்பைக் குறைத்தால் அது 'மதிப்பிறக்கம்'.

கணக்கியலில் தேய்மானம் என்பது பொருள் எவ்வளவு தேய்ந்தது என்ற அளவும் அன்று, சந்தையில் விலை எவ்வளவு இறங்கியது என்ற மதிப்பீடும் அன்று. பல ஆண்டுகள் பயன்படும் ஒரு சொத்தின் அடக்க விலையை அந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஆண்டுதோறும் செலவாக எழுதும் முறை அது. ஒரு கட்டடத்தின் சந்தை விலை ஏறிக்கொண்டே போனாலும் அதற்குத் தேய்மானம் எழுதுவார்கள். நிலத்துக்கு எழுதமாட்டார்கள், ஏனென்றால் அதற்குப் பயன்பாட்டுக் காலம் என்ற வரம்பு இல்லை. வருமான வரிக்கு வந்தால் பொருள் இன்னும் குறுகிவிடுகிறது. சட்டம் குறித்த விழுக்காட்டில், சட்டம் சொன்ன நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும், வரிக்குரிய வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளக் கிடைக்கும் கழிவு அது. வண்டி நிஜமாகவே எவ்வளவு தேய்ந்தது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

முதலில் வாடகை எந்தத் தலைப்பில் வருகிறது?

வாடகை வாங்குகிறேன், வாடகை வசூலிக்கவும் கட்டடத்தைப் பார்க்கவும் கார் ஓட்டுகிறேன், ஆகவே காருக்குத் தேய்மானம் உண்டு என்று நினைப்பவர்கள் ஏராளம். இந்தியச் சட்டத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் முதல் படியிலேயே விழுந்துவிடும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, சொந்தக் கட்டடத்தின் வாடகை 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தனித் தலைப்பில் சேரும். கடைக் கட்டடமும் கிடங்கும் இதில் அடங்கும். பெயரைப் பார்த்துக் குடியிருப்பு மட்டும் என்று எண்ண வேண்டாம். அந்தத் தலைப்பில் கிடைப்பவை சிலதான்: உரிமையாளர் கட்டிய சொத்து வரி, அதைக் கழித்தபின் நிற்கும் தொகையில் 30 விழுக்காடு, கடன் வட்டி. பழுதுபார்ப்பு, வசூல் செலவு, காவலாளி சம்பளம், போய்வரும் செலவு எல்லாவற்றுக்கும் ஈடாகத்தான் அந்த 30 விழுக்காடு. காருக்குத் தனியாகத் தேய்மானம் கேட்க அங்கே இடமே இல்லை. சம்பளமும் வாடகையும் மட்டும் உள்ளவர் நிரப்பும் வருமான வரிக் கணக்குப் படிவங்களான ஐ.டி.ஆர்-1, ஐ.டி.ஆர்-2 இரண்டிலும் தொழில் சொத்துக்கான தேய்மான அட்டவணையே கிடையாது. கேட்கவேண்டிய இடம் ஐ.டி.ஆர்-3இல் தொழில் வருமானப் பகுதியில் இருக்கிறது.

ஆகவே வாடகை தொழில் வருமானமாக மதிக்கப்பட்டால்தான் தேய்மானப் பேச்சே தொடங்கும். இதில் இரண்டு சென்னை வழக்குகள் முக்கியமானவை. 2015இல் சென்னை பிராப்பர்ட்டீஸ் வழக்கிலும், 2016இல் ராயலா கார்ப்பரேஷன் வழக்கிலும், கட்டடங்களை வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு அந்த வாடகை தொழில் வருமானமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2017இல் ராஜ் தாதர்கர் வழக்கில், என்ன தொழில் செய்யத் தொடங்கப்பட்டது என்று சொல்லும் நோக்க விதியில் எழுதியிருப்பது மட்டும் போதாது, உண்மையில் தொழிலாக நடத்தியதற்குச் சான்று வேண்டும் என்று சொல்லி, அந்த வருமானத்தை வீட்டுச் சொத்துத் தலைப்பிலேயே வைத்தது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிப்பதே நல்லது. நிறுவனத்தின் நோக்க விதியைத் திருத்திவிட்டாலே போதும் என்ற ஆலோசனையை நம்பக் கூடாது.

இதற்குப் பின் 2024ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு கதவை மூடியது. குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்டால், அதைத் தொழில் வருமானமாகக் காட்டக் கூடாது என்று, தொழில் வருமானம் பற்றிய 28ஆம் பிரிவில் விளக்கம் சேர்த்தது. இது 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2024-25இல் ஈட்டிய வருமானத்திலிருந்து, நடப்பில் உள்ளது. பத்து வீடு கட்டி வாடகைக்கு விடுபவரும் இனி அந்த வாடகைக்கு எதிராக வண்டித் தேய்மானம் எழுத முடியாது. மிஞ்சுவோர் சிலர்தான்: வணிகக் கட்டடங்களை அமைப்பாக வாடகைக்கு விடும் நிறுவனங்கள், பிறர் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடுபவர்கள் (குத்தகை 12 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அவரும் உரிமையாளராகவே கருதப்படக்கூடும்), வாடகையோடு சேராமல், தனி ஒப்பந்தத்தில் பராமரிப்புச் சேவை செய்து கட்டணம் வாங்குபவர்கள், பிறர் சொத்துகளை நிர்வகிப்பவர்கள்.

பிறகு வண்டி: சொந்தம், பயன்பாடு, விழுக்காடு

தேய்மானம் தரும் 32ஆம் பிரிவு இரண்டைக் கேட்கிறது. வண்டி முழுவதுமோ ஒரு பகுதியோ வரி செலுத்துபவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்; அது தொழிலுக்குப் பயன்பட வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய வண்டியும் சொந்தமே. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டுமே முடிவாகாது என்பதை 2013இல் ஐ.சி.டி.எஸ். என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருந்தாலும் பங்குதாரர் பெயரில் பதிவு செய்து, கூட்டு நிறுவனத்தின் கணக்கில் தேய்மானம் எழுதினால் கேள்வி கட்டாயம் வரும். பணம் நிறுவனக் கணக்கிலிருந்து போனதற்கும், வண்டி நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் ஏறியதற்கும் சான்று வைத்திருக்க வேண்டும்.

விழுக்காட்டில்தான் தமிழ்ச் சொல்லே ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. காருக்குப் பொது விழுக்காடு 15. வாடகைக்கு ஓட்டும் தொழிலில் உள்ள காருக்கு 30. 'வாடகைத் தொழில்' என்று பார்த்ததும் 30ஐப் போட்டுவிடுகிறார்கள். அந்த 30 வாடகைக் காருக்கு உரியது, அதாவது வண்டியே வாடகைக்கு ஓட வேண்டும். கட்டடத்தை வாடகைக்கு விட்டு, அதைப் பார்க்கப் போகும் கார் 15 விழுக்காட்டுக்காரன்தான். மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு 40 விழுக்காடு உண்டு.

அடக்க விலையில் வண்டியின் விலை, பதிவுக் கட்டணம், ஆயுட்கால சாலை வரி சேரும். காப்பீட்டுத் தவணை அடக்கத்தில் சேராது, அது அந்தந்த ஆண்டுச் செலவு. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேல் அமராத பயணியர் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை இத்தகைய தொழிலில் உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, திரும்ப எடுக்க முடியாது, அதனால் அந்தத் தொகையும் அடக்கத்தில் சேரும். ரொக்கத்தில் கவனம் வேண்டும்: ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை அடக்க விலையில் ஏறாது. பழைய வண்டியைத் தனியாரிடம் வாங்குபவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதி விழுக்காடே கிடைக்கும். மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால், அக்டோபர் 3க்குள் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். முன்பணம் கட்டிய நாளோ பில் நாளோ கணக்கில் வராது, பயன்பாட்டுக்கு வந்த நாளே கணக்கு. பதிவாகாத வண்டியைத் தெருவில் ஓட்ட முடியாது என்பதால் அதிகாரி முதலில் பார்ப்பது பதிவு நாளைத்தான்.

அடுத்தது சொந்தப் பயன்பாடு. 38ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, தொழிலுக்குப் பயன்பட்ட பங்குக்கு மட்டுமே தேய்மானம் தரும். எரிபொருள், பழுதுபார்ப்பு, ஓட்டுநர் சம்பளம், காப்பீடு எல்லாவற்றையும் அதே பங்கில் வெட்ட வேண்டும். தேய்மானத்தில் 70 விழுக்காடும் பெட்ரோலில் 100 விழுக்காடும் காட்டியிருந்தால் அந்த முரணே விசாரணைக்கு வழி திறக்கும்.

அடக்க விலை 10,00,000 ரூபாய், ஜூலையில் ஓடத் தொடங்கியது, தொழில் பங்கு 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 15 விழுக்காடு 1,50,000. அதில் 70 விழுக்காடான 1,05,000 ரூபாயே கழிவு. இதே வண்டி நவம்பரில் வந்திருந்தால் 75,000இல் 70 விழுக்காடு, 52,500. மறு ஆண்டின் தொடக்க மதிப்பு என்ன? பலர் 1,50,000ஐயும் கழித்து 8,50,000 என்று எழுதிவிடுகிறார்கள். 43ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு 'உண்மையில் அனுமதிக்கப்பட்ட' தேய்மானத்தைத்தான் கழிக்கச் சொல்கிறது. அந்த வாசகப்படி 10,00,000இலிருந்து 1,05,000 போக 8,95,000 நிற்கும். இப்படி ஆண்டுதோறும் நின்ற மதிப்பின்மேல் கணக்கிடுவதைப் பாடநூல்கள் 'குறைந்து செல் மதிப்பு முறை' என்கின்றன. ஆண்டுதோறும் ஒரே தொகையை எழுதுவது நேர்கோட்டு முறை. பொதுவாக வண்டிக்கு வருமான வரியில் அது இல்லை.

சான்றுக்கு ஓட்டப் பதிவேடு போதும். நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், போன காரியம், கிலோமீட்டர் காட்டும் ஓட்டமானியின் தொடக்க எண், முடிவு எண். காரியம் என்ற கட்டத்தில் 'அலுவல்' என்று ஒரே சொல்லை ஆண்டு முழுக்க நிரப்பினால் பயனில்லை. '3ஆம் தளத்தில் மின்தூக்கிப் பழுது', 'குத்தகை புதுப்பிப்பு, சார்பதிவாளர் அலுவலகம்' என்று எழுத வேண்டும். பதிவேடு இல்லாதபோது அதிகாரி தம் மதிப்பீட்டில் ஒரு பங்கை வெட்டுவார், அதை மறுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இந்த ஆண்டு லாபம் குறைவு, தேய்மானத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற திட்டமும் பலிக்காது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் தேய்மானம் தரப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். 44ஏ.டி. பிரிவில் விற்றுமுதலின் ஒரு விழுக்காட்டை உத்தேச லாபமாகக் காட்டுபவருக்கும் அப்படியே: தனியாகக் கழிக்க முடியாது, ஆனால் வண்டியின் மதிப்பு மட்டும் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருக்கும். கழிக்க லாபம் போதாமல் மிஞ்சுவதை 'ஈடுகட்டப்படாத தேய்மானம்' என்று எழுதலாம். தொழில் நட்டத்தை 8 ஆண்டுதான் முன்கொண்டு செல்லலாம், இதற்குக் கால வரம்பு இல்லை.

வண்டியை விற்கும்போது

ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கணக்கு என்று நினைத்திருப்பவர்கள் விற்கும் ஆண்டில் தடுமாறுவார்கள். வரிச் சட்டம் ஒரே விழுக்காடு உள்ள ஒரே வகைச் சொத்துகளை ஒரு 'சொத்துத் தொகுதி'யாகப் பார்க்கிறது. அலுவலகக் காரும் கட்டடத்தின் ஜெனரேட்டரும் 15 விழுக்காட்டு இயந்திரத் தொகுதியில் ஒன்றாகவே இருக்கும். தொகுதி மதிப்பு 6,00,000, அதில் கார் 4,00,000 ரூபாய்க்கு விற்றது, ஜெனரேட்டர் இன்னும் இருக்கிறது என்றால், நட்டம் எதையும் எழுத வேண்டியதில்லை. மீதி 2,00,000க்குத் தேய்மானம் தொடரும். தொகுதியில் கார் ஒன்றுதான் இருந்தது என்றால் தொகுதி முடிந்துவிடும், அந்த 2,00,000 குறுகிய கால மூலதன நட்டம். அதை மூலதன ஆதாயத்தோடுதான் நேர்செய்ய முடியும், தொழில் லாபத்தோடு முடியாது. தொகுதி மதிப்பைவிடக் கூடுதலாக 7,00,000க்கு விற்றால், ஜெனரேட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 50ஆம் பிரிவுப்படி 1,00,000 குறுகிய கால மூலதன ஆதாயம். வண்டியைப் பத்து ஆண்டு வைத்திருந்தாலும் 'குறுகிய காலம்' என்றே பெயர்.

மேலே சொன்ன பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பது 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அதில் தேய்மானம் 33ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரண்டு சொற்களுக்கும் பதிலாக 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. பழைய ஆண்டு விசாரணைக்குப் பழைய எண்ணையும், புதிய ஆண்டுப் படிவத்துக்குப் புதிய எண்ணையும் எழுத வேண்டும்.