முன்னோட்டம்: பேய்ப்பட டிரெய்லரை வைத்து ஒரு சொல் விளக்கம்

டிரெய்லர்: வரவிருக்கும் படத்துக்கு ஆள் சேர்க்க, பெரும்பாலும் அந்தப் படத்தின் காட்சிகளையே வெட்டித் தொகுத்து வெளியிடும் சிறு படத்துண்டு. தமிழில் முன்னோட்டம்.

கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் என்றால் பின்பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் நீளமான லோரி. திரையரங்குக்குள் போனால் அதே சொல் இரண்டு நிமிடப் படத்துண்டு. மலாயிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இரண்டுக்கும் வேரும் ஒன்று: இழுபட்டுப் பின்னால் வருவது. ‘இழு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது.

படம் தொடங்குமுன் ஓடும் துண்டுக்கு ‘பின்னால் வருவது’ என்று பெயர் ஏன்? தொடக்கத்தில் அது பின்னால்தான் ஓடியது. 1913இல் நியூயார்க்கில் மார்கஸ் லோவின் அரங்குகளுக்கு விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்ட், ஓர் இசை நாடகத்தின் ஒத்திகைக் காட்சிகளைப் படச்சுருளாக்கிக் காட்டினார். அதே ஆண்டு அமெரிக்கத் தொடர்படங்களும் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அடுத்த வாரக் கதைக்கு ஆசை காட்டின. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது தெளிந்தபின் துண்டு முன்னுக்கு நகர்ந்தது. 1930களின் இறுதிக்குள் அதுவே வழக்கமாகிவிட்டது. இடம் மாறினாலும் பெயர் மாறவில்லை.

தமிழ்ச் சொல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. முன் + ஓட்டம் = முன்னோட்டம். படத்துக்கு முன்னால் ஓடுவது, படத்தை முன்கூட்டிக் காட்டுவது என்ற இரண்டு பொருளும் அதில் அடங்கும். வானொலியில் சொல்லவும் நாளிதழில் எழுதவும் தடையில்லாத சொல். டிரெய்லர், ட்ரெய்லர், டிரைலர், ட்ரைலர் என நான்கு விதமாக எழுதித் தடுமாற வேண்டியதும் இல்லை. தமிழ் மரபில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது, அதனால்தான் அந்த ஒலிபெயர்ப்பு எந்த வடிவிலும் நிலைப்படவில்லை.

இதை வெள்ளோட்டம் என்று எழுதுவது பிழை. புதிய தேரையோ கப்பலையோ விழாவுக்கு முன் ஓட்டிச் சரிபார்ப்பதுதான் வெள்ளோட்டம். வெளியீட்டுக்கு முன் செய்தியாளர்களுக்கு முழுப் படத்தையும் போட்டுக் காட்டுவது சிறப்புக் காட்சி. டீசர் என்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, கதை சொல்லாமல் ஆவலை மட்டும் கிளப்பும் துண்டு; அதற்குக் குறுமுன்னோட்டம் போதும்.

இந்தச் சொல்லின் முழு வேலையையும் பார்க்கப் பேய்ப்படத்தைவிட நல்ல இடம் இல்லை. சண்டைப்படம் தன்னிடம் உள்ளதை எல்லாம் காட்டி அழைக்கலாம். பேய்ப்படம் எதை விற்கிறதோ அதையே மறைத்தாக வேண்டும். 1960இல் வந்த ‘சைக்கோ’ படத்துக்கு அதன் இயக்குநர் ஹிட்ச்காக் செய்தது ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் முன்னோட்டம். அவரே விடுதியையும் வீட்டையும் நடந்து சுற்றிக்காட்டுகிறார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கும்போது அலறுபவர் வேரா மைல்ஸ். படத்தில் அந்தக் காட்சியில் இருப்பவர் வேறு நடிகை.

அச்சம் எதிலிருந்து பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்கு களங்களைச் சொல்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ தேர்ந்த பேய்ப்பட முன்னோட்டங்களை இந்த நூற்பாவை வைத்துப் பிரித்துப் பாருங்கள். அணங்கு, அதாவது பேய், கடைசியில்தான் வரும். முதலில் விலங்கு: வெறும் மூலையைப் பார்த்து நாய் குரைக்கும். பிறகு கள்வர் அச்சம்: பூட்டிய வீட்டில் கதவுப் பிடி தானே அசையும். பிறகு இறை, அதாவது மேலிருந்து ஆள்வோர்: மருத்துவரோ பூசாரியோ ‘இதை நிறுத்திவிடுங்கள்’ என்பார். இந்த மூன்றும் பார்வையாளர் அன்றாடம் அறிந்த அச்சங்கள். அவற்றின்மேல் ஏறித்தான் அணங்கு வந்து நிற்கிறது. நேரே பேய் முகத்தில் தொடங்கும் முன்னோட்டம் பத்தாவது நொடியிலேயே தோற்றுவிடுகிறது.

அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் முப்பது, நாற்பது நொடி அமைதியான குடும்பம், புது வீடு, மெல்லிசை. அடுத்த நாற்பது நொடி பேய் இருப்பதைச் சொல்லும் குறிகள்; ஒவ்வொரு குறியும் கருந்திரையில் முடியும். மூன்றாவது பகுதி வெட்டுத்தொடர்: காட்சிகள் மேலும் மேலும் குறுகி, அரை நொடிக்கு ஒன்று என்ற வேகத்துக்கு வரும். அதன்கீழே சுருதி ஏறிக்கொண்டே போகும் ஒலியை ஏறொலி எனலாம். ஏறொலி உச்சத்தில் அறுபடும், படத்தலைப்பு வரும். எல்லாம் முடிந்தது என்று தோள் தளரும்போது இன்னும் ஒரு அதிர்ச்சி. காய்கறிக் கடையில் எடை போட்டபின் கையில் திணிப்பதைப் போன்ற இந்தக் கடைசித் துண்டுக்குக் கொசுறு என்ற சொல் நன்றாகப் பொருந்தும்.

திடீரென்று அதிர வைக்கும் இடத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். திடுக்கீடு என்று பழைய சொல்லே இருக்கிறது. அதைச் செய்வதுதான் கடினம். நொடிக்கு 24 சட்டகம் (அசையாத தனிப்படம்) ஓடும் படத்தில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 42 மில்லிநொடி. திடுக்கீட்டுக்கு முன் ஒலியை அறுத்து 24 முதல் 36 சட்டகம் வரை அமைதி விடலாம். இரண்டு நொடியைத் தாண்டினால் பார்வையாளர் காதைப் பொத்திக்கொள்வார். அமைதி என்பதற்காக ஒலித்தடத்தை முற்றிலும் வெறுமையாக விட்டால் கருவி பழுது என்று தோன்றும். அறையின் இயல்பொலியை மெலிதாக ஓட விட வேண்டும். அதிரொலி படத்தோடு சேர்ந்தோ ஒரு சட்டகம் முந்தியோ விழ வேண்டும். பிந்தினால் கண் முதலில் புரிந்துகொண்டுவிடும், உடல் அதிராது. உருவம் திரையில் 8 முதல் 12 சட்டகம் நின்றால் போதும். அதற்குமேல் நிறுத்தினால் ஒப்பனையின் ஓரம் தெரியும்.

எலும்பைச் சுரண்டுவதுபோல் கேட்கும் அந்த ஒலியைப் பல நேரம் வாட்டர்போன் என்ற கருவியில் எடுக்கிறார்கள். நீர் ஊற்றிய உலோகக் கிண்ணம், அதைச் சுற்றி வெவ்வேறு நீளக் கம்பிகள். வில்லால் இழுத்தால் நீர் அசைந்து சுருதி வழுக்கும். அமெரிக்கரான ரிச்சர்ட் வாட்டர்ஸ் உருவாக்கி 1975இல் காப்புரிமை பெற்றது.

ஒலி அளவுக்கும் விதி உண்டு. அமெரிக்கத் திரையரங்கு முன்னோட்டங்கள் லெக்-எம் என்ற அளவுமுறையில் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. இது உச்சத்துக்கான வரம்பு அன்று, முழு நீளத்துக்குமான சராசரி. இடையில் நீண்ட அமைதி வைத்தால் சராசரி இறங்கும்; மிச்சமாகும் அளவைத் திடுக்கீட்டில் செலவழிக்கலாம். சண்டைப்பட முன்னோட்டத்துக்கு அந்த வசதி இல்லை. கைப்பேசிக்கான பதிப்பில் வேறு சிக்கல்: 40, 50 ஹெர்ட்ஸில் முழங்கும் அடியொலி சிறு ஒலிபெருக்கியில் கேட்கவே கேட்காது. அதே ஒலியின்மேல் 200, 300 ஹெர்ட்ஸில் ஒரு அடுக்கு சேர்க்காவிட்டால் பேருந்தில் பார்ப்பவருக்கு அந்த இடம் வெற்றிடம்தான்.

மலேசியாவில் இரண்டு கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று தணிக்கை. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி இயங்கும் வாரியம் படத்தைப் போலவே முன்னோட்டத்தையும் பார்க்கிறது. அதனால் குருதியை நம்பித் தொகுக்காமல், அது இல்லாமலே நிற்கும் பதிப்பை முதலில் செய்துவிடுவது நல்லது. மற்றொன்று, இதை எவ்வளவு சொன்னாலும் தகும், பேச்சைத் திரையடியில் எழுத்தில் காட்டும் மலாய்த் துணைவரி. முணுமுணுப்புக்கான வரி ஒலிக்குமுன் அரை நொடி முந்தி வந்தால் அரங்கமே அதைப் படித்துவிடும். உழைத்துச் சேர்த்த அமைதி அந்த அரை நொடியில் வீணாகும். கொசுறுக்குப் பேச்சு இருந்தால் துணைவரியைப் பேச்சு தொடங்கியபின் போடச் சொல்லிச் சட்டக எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

குறிகளும் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்குக் கொலுசொலி போதும். பினாங்கில் குழந்தை அழுகை உரக்கக் கேட்டால் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய் தொலைவில் இருக்கிறது, மெல்லக் கேட்டால் அருகில் இருக்கிறது என்பது நம்பிக்கை. கேரளத்தில் பிறந்த பி. என். ராவ் 1957இல் இயக்கிய ‘பொந்தியானாக்’ தொட்டு மலாய்ப் பேய்ப்படம் வளர்ந்த மண் இது. இங்கே அழுகையின் ஒலியைக் குறைத்துக்கொண்டே போனால் அச்சம் கூடும். வெளியூர்த் தொகுப்பாளர் அதைப் பிழை என்று எண்ணி ஒலியைக் கூட்டிவிடுவார். காரணத்தை முன்பே எழுதிக் கொடுங்கள்.

எழுதும்போது: ‘பேய்ப்பட முன்னோட்டம்’ என்பதில் பகரத்துக்கு முன் ஒற்று உண்டு, மகரத்துக்கு முன் இல்லை. ‘முன்னோட்டக் காட்சி’ என்பதில் ககர ஒற்று மிகும். ‘முன்னோட்ட டிரெய்லர்’ என்று அறிவிப்பது ஒன்றையே இரண்டு முறை சொல்வது; ‘முன்னோட்டம்’ என்றாலே போதும்.