சான்றிதழ் வகுப்புக்குக் கடைக் கணக்குக் கொப்பியோடு வாருங்கள்

பகலில் கணக்காய்வு வேலை, மாலையில் வணிக முகாமைத்துவ அறிமுகச் சான்றிதழ் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் இப்படி இரட்டை வேலை பார்க்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களிடம், பரீட்சைப் பெறுபேறு வரும் காலங்களில் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "இதைப் படிச்சா வேலை எடுக்கலாமோ சேர்?"

என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. இந்த ஒரு சான்றிதழைப் பார்த்து மட்டும் வேலை தருபவரை நான் கண்டது குறைவு. ஆனால் ஏற்கெனவே ஒரு பலசரக்குக் கடையோ, தையல் வேலையோ, பலகாரத் தொழிலோ கையில் வைத்திருப்பவர் இதைப் படித்தால் கட்டின காசு வீண்போகாது. சொந்தத் தொழில் இல்லாத பிள்ளை படிப்பதென்றால், மாமாவின் கடையையாவது எடுத்து வைத்துப் படிக்க வேண்டும். எந்தக் கணக்கும் பார்க்காமல் குறிப்பை மட்டும் பாடமாக்கினால் கடைசியில் மிஞ்சுவது சட்டம் போட்டு மாட்ட ஒரு தாள்தான்.

காசு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பதாகைகளில் 'மட்டம் 3', 'மட்டம் 4' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எந்த அளவுகோலின் மட்டம் என்று கேளுங்கள். நம் நாட்டிலேயே இரண்டு இருக்கின்றன. தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரை போகும். 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 12 மட்டங்கள். சாதாரண தரம் 1, உயர்தரம் 2, டிப்ளோமா 3. இங்கிலாந்துச் சான்றிதழ் என்றால் அது மூன்றாவது அளவுகோல். அங்கே மட்டம் 3 என்பது நம் உயர்தரத்துக்கு நிகரான படி. ஆக ஒரே '3' மூன்று இடத்தில் மூன்று பொருள் தரும். 'மட்டம் 3 முடித்தால் டிப்ளோமா மாதிரி' என்று யாராவது சொன்னால், எந்த 3 என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

திறமைப் புள்ளிக் கணக்கும், அதாவது ஒரு பாடநெறி எவ்வளவு படிப்பு என்று அளக்கும் 'கிரெடிட்' கணக்கும், இப்படித்தான். இங்கிலாந்தில் ஒரு புள்ளி என்பது 10 மணிநேரப் படிப்பு. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் ஒரு புள்ளிக்கு 50 மணிநேரம். அங்கே 30 புள்ளி எடுத்தவர் 300 மணிநேரம் படித்திருக்கிறார். இங்கே அது 6 புள்ளிக்குத்தான் வரும். இங்கிலாந்து முறையில் 121 முதல் 369 மணிநேரம் வரையான படிப்பைத்தான் சான்றிதழ் என்பார்கள். 370 தொட்டால் டிப்ளோமா. இந்த மணிநேரத்தில் வகுப்பு, வீட்டுப் படிப்பு, ஒப்படை எழுதுவது எல்லாம் அடக்கம். எட்டுச் சனிக்கிழமையில் முடித்துத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், நாளுக்கு 4 மணிநேரம் வைத்தாலும் வகுப்பு 32 மணிநேரம்தான். மிச்சம் உங்கள் தலையில்.

தனியார் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. பதிவு இலக்கத்தைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அப்புறம் இன்னொன்று: நிறுவனம் பதிந்திருப்பது வேறு, நீங்கள் சேரும் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் முதலாவதுதான். இங்கிலாந்துச் சான்றிதழ் என்றால் ஒஃப்குவல் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, பாடநெறியின் பெயரை அடித்துப் பார்க்கலாம். கட்டணம் கேட்கும்போது பரீட்சைக் கட்டணமும் வெளிநாட்டுப் பதிவுக் கட்டணமும் அதற்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். அது பவுணில் என்றால் நாணய மாற்று ஏறும்போது நீங்கள் கட்டுவதும் ஏறும்.

சரி, சேர்ந்தாயிற்று. முதல் வாரத்தில் ஃபயோல் வருவார். பிரான்சில் சுரங்கப் பொறியியலாளராக இருந்து ஒரு பெரிய சுரங்கக் கொம்பனியை நடத்தியவர், அவர் 1916இல் எழுதிய 14 முகாமைத்துவத் தத்துவங்கள்தான் பாடம். பிள்ளைகள் பதினான்கையும் வரிசை தவறாமல் ஒப்புவிப்பார்கள். அதில் ஒன்று, ஒரு ஊழியருக்குக் கட்டளை ஒருவரிடமிருந்து மட்டும் வர வேண்டும் என்பது. நம்மூர்க் குடும்பக் கடைக்குப் போய்ப் பாருங்கள். கடைப் பெடியனை ஐயா பாண் எடுக்க அனுப்புவார், அம்மா வெங்காயம் தெரிந்தெடுக்கச் சொல்லுவா, அண்ணா வங்கிக்குப் போகச் சொல்லுவார். மூன்றும் நடக்காமல் போக, மூவரும் அவனைத்தான் பேசுவார்கள். 14 தத்துவத்தை ஒப்புவித்த பிள்ளைக்கு இது அதுதான் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒப்புவித்ததில் பிரயோசனம் இல்லை.

நான் அதிக நேரம் எடுப்பது கணக்கு வாரங்களுக்குத்தான். வடை போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு வீட்டுத் தொழிலை வைத்துக்கொள்வோம். பருத்தித்துறை வடை ஒரு பைக்கற் 250 ரூபாவுக்குப் போகிறது. மா, உழுந்து, எண்ணெய், காஸ், பை எல்லாம் சேர்த்துப் பைக்கற்றுக்கு 170 ரூபா. மிச்சம் 80. மாதம் விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற செலவு, அதாவது கொட்டில் வாடகை, உதவிக்கு வருபவரின் சம்பளம், மின்சாரம், 48,000 ரூபா. 48,000ஐ 80ஆல் பிரித்தால் 600. மாதம் 600 பைக்கற் விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. புத்தகம் இந்த இடத்தில் நிற்கும், பரீட்சையும் நிற்கும்.

வகுப்பு தொடங்க வேண்டியது இங்கேதான். விடிய எழும்பி மா குழைக்கிறவரின் சம்பளம் எங்கே? வீட்டுக்காரரின் உழைப்பு செலவில்லை என்று யார் சொன்னது? வேறு இடத்தில் வேலைக்குப் போனால் 40,000 எடுக்கக்கூடியவர் என்றால் அதையும் போட வேண்டும். 88,000 ஆகிறது, 1,100 பைக்கற் விற்க வேண்டும். அத்தோடு முடியவில்லை. கடைக்காரர் விற்காததைத் திருப்பித் தருவார். பத்துக்கு ஒன்று திரும்பி வருகிறது என்று வையுங்கள். பத்துப் பைக்கற் செய்ய 1,700 செலவு, விற்பது ஒன்பது, வரவு 2,250. பத்துக்கு 550தான் மிச்சம், ஒன்றுக்கு 55. அப்படியானால் மாதம் 1,600 பைக்கற் செய்தாக வேண்டும். 600இல் தொடங்கிய கணக்கு 1,600இல் வந்து நிற்கிறது. வகுப்பில் இந்த இடத்தில் ஒரு அமைதி வரும். சிலர் கல்குலேற்றரை எடுத்துத் தங்கள் தொழிலுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்குவார்கள். அன்றைக்கு எனக்கு வகுப்பு எடுத்த திருப்தி.

இன்னும் ஒன்று பாக்கி. கடைக்காரர் காசை உடனே தருவதில்லை, அடுத்த முறை வரும்போது தருவார். அந்த இடைவெளிக்கு மா வாங்கக் காசு வேண்டும். கணக்கில் இலாபம் இருந்தும் கையில் காசில்லாமல் தொழில் நிற்பது இப்படித்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குப் பொருள் குவிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்: கொடியேற முன்பே காசு வெளியே போய்விடும், கடனுக்குக் கொடுத்தது தேர் முடிந்து எத்தனை நாளிலும் வரும். காசுப் பாய்ச்சல் கூற்று என்ற பாடத்துக்கு நான் வேறு உதாரணம் தேடுவதில்லை.

கடை லாச்சிக் காசும் வீட்டுக் காசும் கலப்பது அடுத்த நோய். தன் கடையில் இலாபமே இல்லை என்று சொல்லி வகுப்புக்கு வந்த ஒருவரை, வீட்டுக்கு எடுத்துப்போகும் அரிசி, ரின்மீன், சவர்க்காரம், பிள்ளையின் ரியூசன் காசு எல்லாவற்றையும் ஒரு மாதம் தனிக் கொப்பியில் எழுதச் சொன்னேன். கடை நன்றாகத்தான் உழைத்துக்கொண்டிருந்தது. வீட்டுச் செலவு இலாபத்தைவிடப் பெரிதாக இருந்தது. எடுப்பனவு என்று பாடத்தில் இரண்டு வரியில் வருவது இதுதான்.

நம்மூருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் அது இல்லை. கனடாவில் இருக்கும் அண்ணா கடை போடக் காசு அனுப்புகிறார். அது கடனா, பங்கா, அன்பளிப்பா? அனுப்பும்போது யாரும் கேட்பதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு. கடை நன்றாகப் போகத் தொடங்கியதும் அண்ணா அதைப் பங்கு என்பார், தம்பி கடன் என்பார், அம்மா இருவருக்கும் நடுவில் அழுவா. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருந்து உரியவர்கள் ஒப்பமிட்டிருக்க வேண்டும். இன்றைக்கு 1,000 ரூபாவில் பெட்டிக்கடைகூடப் போட முடியாது, ஆகவே எல்லாப் பங்குடைமைக்கும் எழுத்து வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பங்காளிகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற பிணக்கை அந்தப் பதிவு தீர்க்காது.

மனிதவளப் பாடத்தில், மனிதரின் தேவைகளைப் படிபடியாக அடுக்கிக் காட்டும் உளவியலாளர் மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுத் தேவைப் படிநிலை வரும். நல்ல விடயம்தான், வரைந்து நிறம் தீட்டிப் புள்ளி எடுக்கலாம். ஆனால் ஊழியர் சேமலாப நிதி பற்றி அந்த அலகில் ஒரு சொல் இராது, ஏனென்றால் பாடத்திட்டம் வேறு நாட்டுக்கு எழுதியது. 40,000 ரூபா சம்பளம் என்றால் ஊழியரிடம் 8 சதவீதம், 3,200 கழிக்க வேண்டும். முதலாளி 12 சதவீதம், 4,800 சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம், 1,200, அதுவும் முதலாளியுடையது. ஊழியர் கையில் எடுப்பது 36,800, முதலாளிக்குச் செலவு 46,000. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் இது பொருந்தும். உங்கள் பாடநெறி வெளிநாட்டினது என்றால் தொழிற்சட்டம், வரி இரண்டையும் நம் நாட்டுக்கெனத் தனியாகத் தேடிப் படிக்கத்தான் வேண்டும்.

ஒப்படை பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, சொல்லாமலும் விட முடியாது. காசுக்கு ஒப்படை எழுதிக் கொடுப்பவர்கள் நகரில் இருக்கிறார்கள், இப்போது கைபேசியே எழுதித் தருகிறது. வருகிற தாள்களில் எல்லாம் உலகப் புகழ் பெற்ற குளிர்பானக் கொம்பனியின் பலமும் பலவீனமும். அந்தக் கொம்பனிக்கு நீங்கள் சொல்லி ஆகப்போவது என்ன? உங்கள் சந்தியில் இருக்கும் சைக்கிள் கடையை எடுத்து எழுதுங்கள். ரயர் எங்கே வாங்குகிறார், கடன் எவ்வளவு நிற்கிறது, எதிரே புதுக்கடை வந்தால் என்ன செய்வார் என்று கேட்டு எழுதிய ஒப்படைகளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். மொழி தடுமாறும், பரவாயில்லை.

உயர்தரத்தில் வணிகப் பிரிவில் நல்ல சித்தி எடுத்தவர்கள் அனேகமாக இந்த அறிமுகச் சான்றிதழுக்கு வரத் தேவையில்லை. கணக்கீடும் வணிகக் கல்வியும் இதைவிட ஆழமாகவே உங்களுக்குப் போதித்திருக்கின்றன. குருநகரில் உள்ள உயர் தொழினுட்பவியல் நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்களையோ, கணக்கியல் தொழில்சார் பரீட்சைகளையோ பாருங்கள். கணிதப் பிரிவில் இருந்து வந்தவர், படிப்பை இடையில் விட்டவர், கடையைப் பொறுப்பெடுத்த மருமகள், வெளிநாட்டிலிருந்து திரும்பித் தொழில் தொடங்குபவர், இவர்களுக்குத்தான் இது பொருத்தம். எந்த இடத்தில் சேர்வதானாலும் ஒரு மாலை வகுப்பில் பின் வாங்கில் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தரமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.