ஹியோகி: மடிப்பு விசிறி அல்ல

ஜப்பானியக் கைவினை பற்றிய காணொளி ஒன்றில் போன வாரம் 'நீதிமன்ற மடிப்பு விசிறி' என்று தமிழ் வசனவரி ஓடியது. அரசவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். சரி, அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். வக்கீல் கையில் இருப்பது இது இல்லை என்று பார்க்கிறவருக்கே தெரியும். எனக்கு உறுத்துவது மீதிப் பாதி. இந்தப் பொருளுக்கு 'மடிப்பு விசிறி' என்று சொல்லி நான் கேட்பது இது மூன்றாவது தடவை. இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

பொருளின் பெயர் ஹியோகி, ஜப்பானிய அரசவையின் மர விசிறி. 'ஹி' என்பது ஹினோக்கி மரம், 'ஓகி' என்பது விசிறி. வீசுதல் என்று பொருள்படும் 'அஓகு' என்ற வினையிலிருந்து ஓகி வந்தது, நம் விசிறு விசிறி ஆனதைப் போலவே. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

இனி பொருளைப் பார்ப்போம். ஹினோக்கியின் நேர்கோட்டு இழை கொண்ட பலகையை மெல்லிய சீவல்களாகச் செதுக்குகிறார்கள். சீவல் அடியில் ஒடுங்கி மேலே அகன்றிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளை, எல்லாத் துளைகளையும் சேர்த்து ஒரே ஆணி. மேல் விளிம்புக்குக் கீழே பட்டுநூலைக் கோத்து, ஒரு சீவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அளந்து இடைவெளி விடுகிறார்கள். அந்த நூல்தான் விரிவுக்கு எல்லை. அரசவைப் பெண்களின் விசிறிக்கு 39 சீவல்கள். ஆண்களுக்குப் பதவியைப் பொறுத்து 25 அல்லது 23. பெண்களுடையதில் சிப்பி ஓட்டுத் தூளால் வெள்ளைத் தளம் பூசி, அதன்மேல் பைன், பிளம் என்று தீட்டி, இரு ஓரங்களிலும் நீளமான வண்ணப் பட்டுக்கயிறுகளைத் தொங்கவிடுவார்கள். 2019 அக்டோபர் 22 அன்று பேரரசரின் அரியணை விழாவில் பேரரசி மசாக்கோவின் கையில் இருந்தது இதுதான்.

இதில் மடிப்பு எங்கே இருக்கிறது? மடிப்பு என்றால் ஒரே பரப்பில் விழும் கோடு. புடவைக் கொசுவத்தில் மடிப்பு உண்டு, சட்டையில் உண்டு, காகிதத்தில் உண்டு. ஹியோகியில் எதுவும் மடிவதில்லை. 39 மரச்சீவல்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அடுக்காகின்றன, அவ்வளவுதான். காகிதம் ஒட்டிய விசிறிக்கு மடிப்பு விசிறி என்பது மிகச் சரியான பெயர். அது ஜப்பானில் வேறு பொருள், வேறு பெயர்: கவஹொரி, அதாவது வௌவால். சில விலாக்குச்சிகளின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டிய அதைக் கோடையில் வைத்துக்கொள்வார்கள். 988இல் ஜப்பானியத் துறவி சோனென் சீனப் பேரரசருக்கு அனுப்பிய காணிக்கைப் பட்டியல் சோங் அரசமரபின் வரலாற்று நூலில் இருக்கிறது. அதில் ஹியோகி 20, வௌவால் விசிறி 2 என்று தனித்தனியாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரித்து வைத்ததை நாம் இன்று ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறோம்.

'மடக்கு விசிறி' என்றால் பாதி ஒப்புக்கொள்வேன். மடக்குக் கத்தியும் மடக்கு நாற்காலியும் ஆணியில்தான் சுழல்கின்றன, மடிப்பு விழுவதில்லை. ஆனால் அந்தப் பெயர் கவஹொரிக்கும் பொருந்தும் என்பதால் வேறுபாடு காட்டாது. 'தேவதாரு விசிறி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தேவதாரு இமயமலை மரம், பைன் குடும்பம். ஹினோக்கி சைப்ரஸ் குடும்பம். இசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவது இந்த மரத்தில்தான். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குளிர்நாட்டில் ஊசியிலையோடு எது நின்றாலும் தேவதாருதான்.

தூய தமிழ் நண்பர் ஒருவர் 'மடியுக்கம்' என்றார். உக்கம் அழகான சொல்தான். 'உக்கமும் தட்டொளியும்' என்று ஆண்டாள் பாடியது விசிறியையும் கண்ணாடியையும். ஆனால் அந்த வரியை மார்கழியில் பாடுகிறவர்களே உரையைப் பார்த்துத்தான் பொருள் சொல்கிறார்கள். மடி என்று சேர்த்ததால் பழைய தப்பும் கூடவே வந்துவிட்டது. அதே நண்பர் கிரந்தம் வேண்டாமென்று 'இயோகி' என்றும் எழுதுவார். படித்தால் விசிறிக்குப் பதில் சாமியார் வந்து உட்காருகிறார்.

என் பரிந்துரை 'ஏட்டு விசிறி'. ஏடு என்றால் மெல்லிய படலம். பால்மேல் படிவதும் ஏடு, பனையோலைச் சுவடியின் ஒற்றை ஓலையும் ஏடு. ஹியோகியின் பிறப்பும் அங்கேதான் என்கிறார்கள். எழுதுவதற்கு வைத்திருந்த மெல்லிய மரப்பட்டிகைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியதே விசிறியானதாம். கியோட்டோவின் தோ-ஜி பௌத்தக் கோயிலில், ஆயிரங்கைக் கன்னோன் என்ற தெய்வச் சிலையின் ஒரு கைக்குள்ளிருந்து கிடைத்த ஹியோகியில் 877ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. சடங்குகளில் மறந்துவிடாமல் இருக்க அரசவை ஆண்கள் அதில் குறிப்பெழுதிக்கொண்டதும் உண்டு. துளையிட்ட ஏடு, அதில் ஆணி, மேலே எழுத்து என்று கேட்டால் நம் ஊர்ச் சுவடிதானே நினைவுக்கு வருகிறது! ஆங்கிலப் பெயரைத் தமிழாக்காமல் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இந்தச் சொல் தானாக வந்திருக்கும்.

நம் மொழிபெயர்ப்பின் நோயே இதுதான். நடிகரின் ரசிகரை 'விசிறி' என்று அழைக்கத் தொடங்கியதும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ஒலி ஒன்றான, வேர் வேறான இரண்டு சொற்களில் தவறானதைப் பிடித்துத் தமிழாக்கிவிட்டார்கள். அது ஊன்றிவிட்டது, இனி பிடுங்க முடியாது. மடிப்பு விசிறிக்கு இன்னும் வேர் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து வீட்டில் படித்துக் காட்டினேன். அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "ஏட்டுன்னா போலீஸ் ஏட்டா?" என்றாள். நீதிமன்றத்திலிருந்து மீட்ட விசிறியை நானே காவல் நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன். அதனால் முன்னால் ஒரு சொல் கூட்டிக்கொள்கிறேன்: மர ஏட்டு விசிறி.